கீழே பத்தே பத்து

ஜூன் 9, திங்கள்

என் பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரிக் வண்டியில் டிரில்லர் வேலை, அதாவது போர் போடுகிறவன். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வீடு. இந்தத் தடவை ஐந்தே மாதத்தில் வந்துவிட்டேன், ரயிலில் படுத்துக்கொண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோயாக் காட்டில், குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு நழுவி இடது காலில் விழுந்துவிட்டது. உள்ளே பிளேட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது என் எடையில் கொஞ்சம் இரும்பு. வீட்டுக்காரி தெய்வானைக்குத் தங்கம் வாங்கித் தரவில்லை என்று வருத்தம், இரும்பாவது வீட்டுக்கு வந்தது.

எழுதச் சொன்னது என் மகள் மோகனப்பிரியா. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் உட்கார்ந்து உலகம் செய்கிறாள். பொய்யில்லை. அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு எண் கொடுத்தால் ஒரு உலகம் பிறக்கிறது. காடு, மலை, ஆறு, பனி, பாலைவனம், எது வருமென்று செய்தவளுக்கே தெரியாது. உள்ளே இறங்கி நடக்கலாம், வெட்டலாம், கட்டலாம். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே உலகம் திரும்ப வரும்.

எனக்கு வேலை, தினமும் சில உலகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்து, தப்பு எது என்று இந்த டைரியில் எழுதுவது. ஜவுளிக்கடை கொடுத்த டைரி. ராத்திரி மோகனா படித்துவிட்டு, சரிசெய்ததற்குச் சிவப்பு மையில் டிக் போடுவாளாம். ஐந்தாம் வகுப்பில் எனக்கு டிக்கே விழுந்ததில்லை.

ஜூன் 10

முதல் எண் என்ன கொடுப்பது என்று யோசித்து, தெய்வானையின் எடையைக் கொடுத்தேன். எழுபத்து நான்கு. பனி மூடிய பெரிய மலை வந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்.

"ஏனுங்க, உங்க வயசைப் போட்டுப் பாருங்களே" என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமலே.

ஐம்பத்திரண்டு போட்டேன். பாலைவனம். ஒரு புல் இல்லை. வீட்டில் இரண்டு பெண்களும் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஜூன் 11

தப்பு: உலகம் 3 (நான் இறங்கின வரிசைக் கணக்கு). பனைமரத்து உச்சியில் ஆடு.

தப்பு: உலகம் 4. ஆறு மேட்டைப் பார்த்து ஏறுகிறது.

தப்பு: உலகம் 6. குழி தோண்டிக்கொண்டே போனேன், நூற்றுப்பத்து அடியில் உலகம் தீர்ந்துபோய் வெளியே விழுந்துவிட்டேன். சுற்றிலும் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. செத்துப்போனால் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

மோகனா ஓடி வந்து பார்த்தாள். "ஏம்ப்பா, எல்லாரும் மொதல்ல வீடு கட்டுவாங்க, மரம் வெட்டுவாங்க. நீங்க ஏன் நின்ன எடத்துலயே நேராத் தோண்டுறீங்க?"

"எனக்கு வேற என்ன கண்ணு தெரியும்?"

ஜூன் 12

மூன்று சிவப்பு டிக். ஆட்டைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆடு இல்லாத பனைமரம் சப்பென்று இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

விவரம் இன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. இந்த வேலையில் இரண்டு பேர். மரம், பனி, வெயில், ஆடு, இப்படிக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ரிஸ்வானா. மோகனாவோடு படித்த பெண், ஈரோட்டில் இருக்கிறாள், நாள் முழுக்கப் போனில் ஸ்பீக்கரில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். மேடு, பள்ளம், மண், கல், நிலத்துக்கு அடியில் என்னவெல்லாம் உண்டோ அதெல்லாம் மோகனா.

சென்னையில் ஒரு விளையாட்டுக் கம்பெனி. ஜூலை 18ஆம் தேதி அவர்கள் பார்க்கப்போகிறார்கள். அவர்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: கோடி எண் கொடுத்தாலும் ஒரு உலகம் மாதிரி இன்னொன்று இருக்கக்கூடாது. பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் மோகனா ஆகஸ்டு ஒன்றாம் தேதி பழைய பெங்களூர் வேலைக்கே போய்ச் சேரவேண்டும். பெங்களூர்க்காரர்கள் அதுவரைதான் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பார்களாம்.

"அங்க போனா இதெல்லாம் என்னாகும்?" என்று கேட்டேன்.

"அங்க போனா இது அவ்வளவுதாம்ப்பா. அங்க பேங்குக்குக் கணக்கு எழுதற வேலை."

போனால் போகட்டும், எனக்கென்ன. அவள் அரைக்கிறதால் இரண்டு மாதமாக வீட்டில் சட்னியில் உப்பு சரியாக இருக்கிறது, அது ஒன்றுதான் போய்விடும்.

ஜூன் 20, வெள்ளி

ஈரோட்டில் எலும்பு டாக்டர். படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மோகனாவோடு பேசினார். கால் மணி நேரம். வெளியே வந்தவள் மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னாருப்பா."

நல்ல டாக்டர். ஒரு மாதம்தானே. திரும்பி வரும் வழியில் மோகனா எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 21

முதலாளி நல்லசிவம் போன் பண்ணினார். வாராவாரம் பண்ணுகிறார். "எப்பய்யா வர்ற?" என்றார். இன்னும் ஒரு மாசமுங்க என்றேன்.

ஜூன் 24

எல்லா உலகத்திலும் இறங்கின இடத்திலேயே தோண்டுகிறேன். தோண்டத் தோண்ட எழுதி வைக்கிறேன், ரிக்கில் எழுதுகிற மாதிரியே. மண் கட்டை கட்டையாகத்தான் பெயர்கிறது, ஒரு கட்டை ஒரு அடி என்று கணக்கு.

உலகம் 7, காடு: செம்மண் 9, சரளை 3, வெள்ளைப்பாறை 41, அப்புறம் நீலக்கல்.

உலகம் 18, பனி: செம்மண் 9, சரளை 3, வெள்ளைப்பாறை 41, அப்புறம் நீலக்கல்.

பனிக்கு அடியில் செம்மண் இருக்கக்கூடாதா என்று கேட்காதே. இருக்கும். ஆனால் கையில் ஒரு மாதிரி இருந்தது. கேட்ட சத்தத்தையே மறுபடி கேட்கிற மாதிரி.

ஜூன் 27, வெள்ளி

(இந்தப் பக்கத்தை மடித்து தெய்வானையின் ஊக்கைக் குத்தியிருக்கிறேன். மோகனா, இது உனக்கில்லை.)

மூன்று நாளாகப் பழைய பக்கங்களோடு ஒத்துப்பார்த்துவிட்டேன். நாற்பது உலகம் தோண்டியிருக்கிறேன். மேலே நாற்பதும் வேறு வேறு. கீழே பத்தே பத்துதான். பாலைவனமும் சதுப்புக்காடும் அடியில் ஒன்று. தெய்வானையின் பனிமலைக்கும் ஒரு தென்னந்தீவுக்கும் அடியில் ஒன்று. மோகனாவின் பாகத்தில் எங்கேயோ கோளாறு. எந்த எண் கொடுத்தாலும் அடியில் இந்தப் பத்தில் ஒன்றுதான் வந்து உட்காருகிறது. ஆள் ஒருத்தன்தான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். யாரும் நின்ற இடத்தில் நூறடி தோண்டுவதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் தண்ணீர் இல்லாத போரைப் புகை என்போம். குழியிலிருந்து வெறும் கல்மாவு மட்டும் புகைபோல வரும். முந்நூறு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இது புகைதான் என்று. ஆனால் சொல்ல மாட்டோம். தோட்டக்காரர், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர், வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றிருப்பார், பின்னால் அவர் வீட்டுக்காரம்மா கற்பூரத்தோடு. அந்த முகத்தைப் பார்த்து எவன் சொல்லுவான்? "இன்னும் ஒரு ராடு விட்டுப் பாக்கலாமுங்க" என்போம். அப்புறம் இன்னும் ஒரு ராடு. கடைசியில் அவரே "போதும், நிறுத்துங்க" என்று சொல்லும்வரை விடுவோம். முப்பது வருடத்தில் புகை என்ற வார்த்தையை நானாக எந்தத் தோட்டத்திலும் சொன்னதில்லை.

மோகனா மாடியிலிருந்து பாடிக்கொண்டே இறங்கி வருகிறாள். பாட்டு சகிக்கவில்லை. இன்னும் பத்து உலகம் தோண்டிப் பார்க்கிறேன்.

ஜூன் 28

உலகம் 41, 42, 43. குறை ஒன்றும் இல்லை.

ஜூலை 2

உலகம் 45. ஆற்றில் மீன் பின்பக்கமாக நீந்துகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

தெய்வானை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு உலகத்தைக் கேட்டாள். அவள் பிறந்த தேதியைப் போட்டேன். புல்வெளி, மஞ்சள் பூ, தூரத்தில் மழை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இங்கேயே ஒரு எடம் வாங்கிப் போடுங்க" என்றாள். நான் தோண்டவில்லை. அடியில் என்ன இருக்குமென்று தெரியும்.

"ரெண்டு நாளா நீங்க என்னை வம்பிழுக்கவே இல்லீங்க. காய்ச்சலா?" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

சென்னைக் கம்பெனி அம்மா போனில் பேசினார். பெயர் வசுந்தரா. மோகனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேல அழகா இருக்கிற உலகம் நெறைய பேர் கொண்டு வராங்கம்மா. எங்க ஆளுங்க அன்னைக்கு உள்ள வந்தவுடனே தோண்டத்தான் போறாங்க. விளையாடறவங்களும் தோண்டிக்கிட்டேதான் இருப்பாங்க. எங்களுக்கு அடிநிலந்தான் முக்கியம்."

மோகனா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "தோண்டட்டுங்க மேடம். எங்கப்பா முப்பது வருசமா போர் போடறவரு. நாப்பத்தேழு உலகத்தைத் தோண்டிப் பாத்துட்டாரு. அடியில ஒரு குறையும் இல்ல."

மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

காலையில் மோகனா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஊக்கைக் கழற்றி டைரியை அவள் மடியில் வைத்தேன்.

"கண்ணு. கீழ புகை."

"என்னப்பா?"

"உன்ற உலகம் எத்தனை கோடியோ எனக்குத் தெரியாது. அடியில பத்தே பத்துதான்."

படித்தாள். எண்ணெய்க் கையோடு பக்கங்களைத் திருப்பினாள். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மாடிக்கு ஓடிப்போய் அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆமாப்பா. எண்ணு முழுசா கீழ போகல. கடைசி இலக்கம் மட்டுந்தான் போகுது. நாந்தான் அப்படி எழுதி வச்சிருக்கேன்." அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் இருபத்தேழு."

"பதினஞ்சு நாளு! பதினஞ்சு நாளா 'குறை ஒன்றும் இல்லை'ன்னு எழுதினீங்க, நான் அதுக்கு டிக் வேற போட்டேன். நான் என்ன போர் போடச் சொன்ன தோட்டக்காரரா? கற்பூரத்தோட நின்னுட்டிருந்தனா?"

"உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலம்மா."

"பாக்காமச் சொல்லியிருக்கலாமில்ல!"

கழற்றின ஊக்கை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

ஜூலை 13

மோகனா மாடியை விட்டு இறங்கவில்லை. சோறு மேலே போனது, தட்டு பாதியோடு திரும்பி வந்தது.

ஜூலை 14, திங்கள்

காலை பத்து மணிக்கு இறங்கி வந்தாள். என் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சென்னைக்குப் போன் பண்ணினாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"மேடம், ஒரு தப்பு இருக்கு. அடிநிலம் திரும்பத் திரும்ப வருது. பத்து மாதிரிதான் இருக்கு. என்னோட தப்பு. பதினெட்டாந்தேதி காட்டினா நீங்க அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவீங்க. பத்து நாள் குடுத்தீங்கன்னா சரிபண்ணிருவேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

எந்தத் தோட்டத்திலாவது நாங்கள் இப்படிப் பேசியிருந்தால் வண்டி டயரில் காற்று இருந்திருக்காது.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "இருபத்தெட்டாம் தேதி திங்கக்கிழமை. அதுக்கு மேல எங்களால முடியாதும்மா" என்றார் வசுந்தரா.

போனை வைத்தவுடன், "பாத்தீங்களா? சொல்லிட்டேன், உசுரோடதான் இருக்கேன்" என்றாள்.

தெய்வானை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பன யோக்கியமா இருக்கச் சொல்றவ நீ சொல்லிட்டியா? ஈரோட்டு டாக்டரு சொன்னத எங்கிட்ட மட்டுந்தான சொன்ன?"

மோகனா தரையைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு" என்றேன்.

"நடக்கலாமுன்னாருப்பா. கம்பு இல்லாமலேகூட நடக்கலாம். ஆனா ரிக்கு மேல ஏறி நிக்கறது, ராடு தூக்கறது, அது இனிமே..." நிறுத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இனிமே முடியாதுப்பா. எத்தனை மாசம் ஆனாலும்."

இன்றைக்குத் தக்காளி ரசம், வெண்டைக்காய்ப் பொரியல். ரசம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மதியம் தூங்கினேன். எழுந்ததும் வாசலில் போய் நின்றேன், தெருவில் இரண்டு ரிக் வண்டி போனது. புது வண்டி, பச்சைப் பெயின்ட். நல்ல வண்டி.

ஜூலை 16

முதலாளி போன் பண்ணுவதற்குள் நானே பண்ணிவிட்டேன்.

"மொதலாளி, நான் இனி ரிக்குக்கு வர முடியாதுங்க. காலு ஆகாது. ஒரு மாசம், ரெண்டு மாசம்னு ஒண்ணுமில்லீங்க. வேற ஆளு பாத்துக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் இருமினார். "அர்த்தநாரி, முப்பது வருசத்துல நீ நேராச் சொன்ன மொத சேதி இதுதான்யா" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, என் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசிவிட்டுப் போனார்.

ஜூலை 19

மோகனா எண்ணை முழுதாகக் கீழே இறக்கிவிட்டாள். இறக்கினதும் கடல் மேலே தங்கிவிட்டது. நிலம் எல்லாம் மாறினது, கடலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தரத்தில் ஒரு கடல், அதற்கு அடியில் ஒரு மான் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, இது சூப்பரா இருக்கே, விட்டுரலாமா?" என்றது போனில் ரிஸ்வானாவின் குரல்.

"ரிஸ்வானா, நீ பேசாம ஆட்டைப் பாரு" என்றாள் மோகனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. என்னோடு இல்லை, ஆனாலும் என் காதில் விழுந்தது.

ஜூலை 23

கடல் இறங்கிவிட்டது. இன்று இருபத்தொரு உலகம் தோண்டினேன். இருபத்தொன்றும் வேறு வேறு.

தப்பு: உலகம் 61. நாற்பதடியில் ஒரு குகை, குகைக்குள் மழை பெய்கிறது.

தப்பு: உலகம் 64. பாறைக்கு நடுவில் ஒரு ஆடு. உயிரோடு இருக்கிறது. எப்படிப் போனதென்று அதற்கே தெரியாது.

தப்பு: உலகம் 66. பெரிய தப்பு. பாதி உலகத்தில் மண்ணே இல்லை, வெறும் கல். மோகனா, உன் முகம் எப்படி ஆனாலும் சரி, எழுதிவிட்டேன்.

அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. நன்றி."

ஜூலை 28, திங்கள்

சென்னையிலிருந்து மூன்று பேர் கம்ப்யூட்டர் வழியாக வந்தார்கள். மோகனா என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் சவரம் செய்து, தீபாவளிச் சட்டை போட்டிருந்தேன். தெய்வானை கேமராவில் தெரியாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், ஆனால் வளையல் சத்தம் சென்னைவரை போயிருக்கும்.

அவர்களே எண் கொடுத்தார்கள், அவர்களே தோண்டினார்கள். மலையில், தீவில், பாலைவனத்தில். ஒரு மணி நேரம். வெறும் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தோட்டக்காரர் பக்கம் நிற்பது எப்படி இருக்குமென்று அப்போதுதான் தெரிந்தது. துண்டு இல்லை, இருந்திருந்தால் நானும் வாயில் வைத்திருப்பேன்.

கடைசியில் வசுந்தரா கேட்டார். "அந்தப் பத்து நிலம் விஷயத்தை யாரு கண்டுபிடிச்சது? எங்க ஆளுங்களே சொல்றாங்க, சாதாரணமா அது கண்ணுல படாதாம்."

"எங்கப்பாதாங்க மேடம். ஜூன் மாசமே கண்டுபிடிச்சுட்டாரு. ஜூலைலதான் சொன்னாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? "அதுக்கு அபராதமா ஒரு வாரம் சட்னி கெடைக்கலீங்கம்மா" என்றேன். வியாழக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

ஜூலை 29

ஒன்றும் இல்லை.

ஜூலை 30

ஒன்றும் இல்லை. மோகனா பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். நாளை மறுநாள் பெங்களூரில் சேரவேண்டிய நாள். யாரும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறோம். நான் கம்பில்லாமல் தாண்டினேன், அதையும் யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

மூன்றரை மணிக்கு வந்தது. எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம், ரிஸ்வானாவுக்கும் சேர்த்து. குகை மழையை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

மோகனா கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அங்காயி ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். போனில் ரிஸ்வானா அழுதாள். தெய்வானை பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்துவிட்டு வந்துதான் என்ன விவரம் என்று கேட்டாள்.

மோகனா பெங்களூருக்கு வரவில்லை என்று அப்போதே எழுதி அனுப்பினாள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. வாய்ச்சண்டைக்கு வீட்டில் ஒரு ஆள் கூட, அவ்வளவுதான். கண்ணில் தூசி விழுந்ததால் இதோடு நிறுத்துகிறேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

இன்று தோண்டவில்லை. மோகனா மாடியிலிருந்து அவள் கம்ப்யூட்டரையும் கீழே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே உலகத்துக்குள் போகலாமாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். மூங்கில் காடு, அப்புறம் ஓடை, அப்புறம் ஒரு மலை. செங்குத்து மலை. "கீழ பாக்காம மேல வாங்கப்பா" என்றாள். ஏறினோம். கல்லுக்குக் கல் தாவினோம். உச்சியில் மேகம் எங்களுக்குக் கீழே இருந்தது. அதற்கும் கீழே ஒரு ஏரி, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு காடு. அது இப்படி வருமென்று அவளுக்கே தெரியாது. "அய்யோ" என்றாள், அவள் செய்த உலகத்தையே அப்போதுதான் பார்க்கிற மாதிரி.

முப்பது வருடம் எந்த ஊருக்குப் போனாலும் குழியைத்தான் பார்த்தேன். ஊர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், அறுபதடிக்குப் பாறை என்று சொல்லியிருக்கிறேன். நாங்கள் அங்கேயே நின்றோம். வெயில் சாய்ந்தது.

"காலு வலிக்குதாப்பா?" என்றாள் மோகனா, திரையைப் பார்த்துக்கொண்டே. கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"வலிக்குது. எறங்கறப்ப என்னைத் தூக்கிக்க."

"இந்த வெளையாட்டுல ஆளத் தூக்கறதுக்கு இன்னும் எழுதலப்பா" என்றாள். "திங்கக்கிழம எழுதறேன். அதுவரைக்கும் இங்கேயே நில்லுங்க."